குவோ பெரியவர் முதுகு காட்டிய நாற்பது வினாடி

ஜூன் 3, சனி

பிற்காலத்தில் என் வாழ்க்கையை எழுத வருகிறவர்கள் தேதி தெரியாமல் திண்டாடக் கூடாது. அதற்காக இன்று முதல் குறிப்பு எழுதுகிறேன். நோட்டு என் தங்கை மகள் மதிவதனியின் மேஜையில் சும்மா கிடந்தது.

விஷயம் இதுதான். சீனாவிலிருந்து ஒரு சரித்திரத் தொடர் வந்திருக்கிறது. தமிழில் 'செந்திரை மாளிகை' என்று பெயர். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பட்டு வியாபாரக் குடும்பம். வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு கல்யாணம், கல்யாணத்துக்கு ஒரு சண்டை. குடும்பத் தலைவர் குவோ பெரியவருக்குக் குரல் கொடுக்கப் போவது இந்த இடிக்குரல் கோதண்டபாணி. இந்தக் குரலுக்குச் சென்னையில் வேறு ஆள் கிடையாது என்று கம்பெனியில் காலில் விழாத குறை. வதனிதான் சிபாரிசு செய்தாள் என்று தங்கை புஷ்பவல்லி தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பெயரைச் சொன்னது அவளாக இருக்கலாம். குரல் என்னுடையது.

தமிழ் வசனம் வதனி. ஆறு வருஷமாக யார் யார் பெயரிலோ எழுதிக் கொடுத்தவளுக்கு முதல் முறையாகத் தன் பெயர் டைட்டிலில் வரப்போகிறது. இது நன்றாகப் போனால் அடுத்த தொடரும் அவளுக்கே என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நம்பி ஜவுளிக்கடை ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். மச்சான் காலமான பிறகு இந்த வீட்டைத் தாங்குவது நான்தான். அவளும் கொஞ்சம் உதவுகிறாள்.

முதல் இருபது எபிசோடு ஜூன் 30, வெள்ளிக்கிழமை வெளியாகிறது. டைட்டிலில் என் பெயரும் உண்டு. எதிர் வீட்டு நாராயணியிடம் முதல் பெயரே என்னுடையதுதான் என்று சொல்லி வைத்தேன்.

வதனி ஒரே ஒரு கட்டளை போட்டாள். "மாமா, நான் முழுக் கதையும் படிச்சிட்டுத்தான் எழுதறேன். ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது." சரி என்றேன். குழந்தை ஆசையாகக் கேட்கும்போது வேறு என்ன சொல்வது.

ஜூன் 5, திங்கள்

முதல் நாள் டப்பிங். கதவைச் சாத்திய அறை, மைக், முன்னால் திரை, ஸ்டாண்டில் வசனத் தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிஸ்ட் சேவியர். சீனாக்காரர் வாயைத் திறக்கும்போது நாம் திறக்க வேண்டும், மூடும்போது மூட வேண்டும். அவர் மூச்சு வாங்கினால் நாமும் வாங்க வேண்டும், இருமினால் இரும வேண்டும். இதை நான் பிறக்கும்போதே கற்றவன். பதினோரு டேக்கில் முதல் வசனம் ஓகே ஆனது. சேவியர் கட்டைவிரலை உயர்த்தினான்.

காலையில் மிளகு போட்ட பால். மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினேன்.

ஜூன் 8, வியாழன்

இன்று இந்தத் தொடரையே காப்பாற்றினேன்.

வதனிக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்துவிட்டாள். கதாநாயகி சூயினுக்குக் குரல் கொடுக்கும் ஷாமிலி வந்திருந்தாள். அவளுடைய தாளைப் பார்த்தேன். பெரியவர் வீட்டிலேயே வளரும் அநாதைப் பையன் வெய் என்று ஒருவன் உண்டு. அவனைச் சூயின் "அத்தான்" என்று கூப்பிடுகிறாளாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டுடியோ சுவரில் சீனாவிலிருந்து வந்த குடும்பப் படம் ஒட்டியிருக்கிறார்கள்; குவோ பெரியவருக்குக் கீழே இரண்டு மகள்கள். ஒருத்தியின் பெண் சூயின். இறந்துபோன இன்னொருத்தியின் பையன் வெய். பெரியவர் நான் அல்லவா, என் மகள்களை எனக்குத் தெரியாதா? அக்காள் தங்கை பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. இதுகூடத் தெரியாமல் எழுதியிருக்கிறாளே, நாளைக்கு ஊரே காறித் துப்புமே என்று பதறிவிட்டேன். வசனத்தில் "இறந்த மகன்" என்றுவேறு எழுதியிருந்தாள். காய்ச்சல் வேகத்தில் எழுதினாள் போலிருக்கிறது.

சேவியர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். "அத்தான்" எல்லாம் "அண்ணா". மகன் என்று இருந்ததை மகள் ஆக்கினேன். இனி வரும் தாளிலும் இப்படியே திருத்திக்கொண்டு சொல்ல வேண்டும் என்றேன். ஷாமிலி தயங்கினாள், ரைட்டரைக் கேட்க வேண்டாமா என்றாள். வதனியே இப்போதுதான் போனில் சொன்னாள் என்றேன். அப்படிச் சொல்லாவிட்டால் அவள் கேட்க மாட்டாள். நல்லதற்குச் சொல்வது பொய்யில் சேராது.

திருத்திய தாளை ஞாபகத்துக்காகக் கொண்டுவந்து இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கீழே கையெழுத்தும் போட்டேன்: "திருத்தியவர், இடிக்குரல் கோதண்டபாணி, 8-6." வதனியிடம் இப்போது சொல்லப் போவதில்லை. தொடர் வெளியாகி எல்லோரும் பாராட்டும்போது சொல்வேன். அப்போது தெரியட்டும்.

ஜூன் 9, வெள்ளி

சிலிண்டர் வந்தது. வதனிக்குக் கஞ்சி.

ஜூன் 13, செவ்வாய்

ஐந்தாவது எபிசோடு. இன்று நடந்ததைக் கல்வெட்டில் பொறிக்கலாம்.

குவோ பெரியவர் முன்னோர் படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றிவிட்டு நிற்கிறார். நாற்பது வினாடி. காமிரா முதுகுப் பக்கம். வாய் தெரியவில்லை. வாய் தெரியாவிட்டால் எந்த வசனத்தை வைத்தாலும் பொருந்தும், இது எங்கள் தொழில் ரகசியம். சீனாக்காரர் சும்மா நின்றுவிட்டுப் போய்விட்டார். ஒரு இருமல், இரண்டு பெருமூச்சு, அவ்வளவுதான். இப்படி ஒரு இடத்தை வீணாக்கலாமா? "என் இரண்டு மகள்கள் பெற்ற இரண்டு செல்வங்களே, இந்த மாளிகையில் நீங்கள் என்றென்றும் அண்ணனும் தங்கையுமாக" என்று ஆரம்பித்தேன். நாற்பது வினாடியும் நிறைத்தேன். சேவியர் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வதனி கடைசி நேரத்தில் சேர்க்கச் சொன்னாள் என்றேன். ஸ்டுடியோவே எழுந்து நின்று கை தட்டியது.

வதனி வீட்டில் பத்தொன்பது, இருபது எழுதிக்கொண்டிருக்கிறாள். முடிந்த எபிசோடைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. ரசம் வைத்து மேஜையிலேயே கொடுத்தேன்.

ஜூன் 17, சனி

பதினெட்டு எபிசோடு முடிந்தது. ஷாமிலி மேடை நிகழ்ச்சிக்காகச் சிங்கப்பூர் போகிறாள், 27ஆம் தேதிதான் வருவாளாம். பத்தொன்பது, இருபதில் அவளுடைய பகுதியை வந்ததும் பேசிக் கொடுப்பாளாம். புஷ்பா வடை சுட்டாள்.

ஜூன் 20, செவ்வாய்

இன்று பத்தொன்பதாவது. வதனி முதல் முறையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சேவியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாளை எடுத்தேன். குவோ பெரியவர் குடும்பம் முழுவதையும் கூட்டி வைத்துச் சொல்கிறார்: "சூயின், உன்னை வெய்க்கே கட்டிக்கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன்."

நான் அதைச் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அதற்குள் சேவியர், "என்னண்ணே இது, தங்கச்சியை அண்ணனுக்குக் கட்டி வைக்கிறீங்க?" என்று சிரித்தான்.

"யாரு தங்கச்சி?" என்றாள் வதனி.

சேவியர் மூன்றாவது எபிசோடைப் போட்டுக் காட்டினான். ஷாமிலியின் குரல், "வெய் அண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்றது. பிறகு ஏழாவது. பிறகு பன்னிரண்டு. கடைசியாக ஐந்தாவது போட்டான். என் குரல் அந்த அறையில் அவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று எனக்கே தெரியாது.

வதனி கத்தவில்லை. சேவியருக்கு மெதுவாக விளக்கினாள். சீனாவில் இந்தக் கதையில் அக்காள் தங்கை பிள்ளைகளே கட்டிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அது நடக்காது. அதனால்தான் ஆரம்பத்திலேயே வெய்யை மகன் வயிற்றுப் பேரனாக மாற்றி, அவன் சூயினுக்கு மாமன் மகன் ஆகும்படி எழுதினாளாம். செத்துப்போன மகள் திரையில் வரவே மாட்டாள், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டாளாம். "அந்த ஒரு முறையிலதான் சேவியர் மொத்தக் கதையும் நிக்குது," என்றாள்.

நான் தண்ணீர் குடித்தேன். சொம்பில் தண்ணீர் இல்லை.

ஜூன் 21, புதன்

கம்பெனி மேலாளர் ஸ்ரீவத்சன் எல்லோரையும் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டார். வயது முப்பதுகூட இருக்காது, மரியாதையாகப் பேசுவார். எண்ணிப் பார்த்துவிட்டார்கள், "அண்ணா" நாற்பத்து மூன்று இடம். வெளியாக ஒன்பது நாள். கையிலிருக்கும் பதினெட்டும் அப்படியே போனால் இருபதாவதில் சிரிப்பாய்ச் சிரிக்கும் என்றார்.

வதனி தன் கம்ப்யூட்டரைத் திறந்து "அத்தான்" என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். பிறகு அதை மாற்றச் சொன்னது யார், ஸ்டுடியோவில் ஷாமிலி கையில் இருந்த தாள் எங்கே என்று கேட்டார். சேவியர் தேடிவிட்டான்; மற்றத் தாளில் எல்லாம் ஷாமிலியே திருத்தியிருக்கிறாள், முதலில் மாறிய மூன்றாவது எபிசோடு தாள் மட்டும் கட்டுக்குள் இல்லை.

சிங்கப்பூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ரைட்டர் மேடம் போன்ல மாத்தச் சொன்னதா சொன்னாங்க சார், அதான் மாத்தினேன்" என்றாள் ஷாமிலி. யார் வந்து சொன்னது என்று அவர் கேட்பதற்குள் அங்கே மேளம் அடித்தது, லைன் போய்விட்டது. மேடை நிகழ்ச்சி என்றால் அப்படித்தான். ஊதுவத்தி சீனையும் ரைட்டர்தான் சேர்க்கச் சொன்னதாகக் கேள்வி என்று சேவியரும் ஒத்து ஊதினான்.

வதனி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த குடும்பப் படத்தைப் பார்த்தேன்.

திங்கள் காலை பத்து மணிக்குள் விளக்கம் வராவிட்டால் மீதியை வேறு ரைட்டர் எழுதுவார், டைட்டிலில் அவர் பெயர்தான் வரும் என்றார் ஸ்ரீவத்சன். அடுத்த தொடரைப் பற்றிப் பேசவே இல்லை.

ஜூன் 22, வியாழன்

யோசித்துப் பார்த்தால் 8ஆம் தேதி நான் ஸ்டுடியோவுக்குப் போனேனா என்றே சரியாக ஞாபகம் இல்லை. அன்று எனக்கும் உடம்பு முடியாமல் இருந்திருக்கலாம். டப்பிங்கில் ஆயிரம் பேர் வருவார்கள், போவார்கள். யாரோ மாற்றியிருப்பார்கள்.

பழைய பக்கங்களைப் புரட்டுவது கண்ணுக்கு நல்லதல்ல.

ஜூன் 23, வெள்ளி

கோதுமை அரைக்க மில்லுக்குப் போனேன். வரிசையில் எட்டுப் பேர். திரும்பி வந்தபோது வதனி வாசலில் நின்று மாவுத் தூக்கை வாங்கிக்கொண்டாள். அவள் அப்படி வந்து வாங்கியதே இல்லை.

"நேத்து ஷாமிலிகிட்ட நானே பேசினேன் மாமா," என்றாள்.

நான் மாவு இன்னும் சூடாக இருக்கிறது, தட்டில் கொட்டி ஆற வை என்றேன்.

"நான் போய்ச் சொன்னா உங்களைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். அம்மா ஒருநாளும் மறக்க மாட்டாங்க. நீங்களே சொல்லுங்க."

என்ன சொல்வது என்று கேட்டேன். அவள் மாவைத் தட்டில் கொட்டினாள்.

ஜூன் 24, சனி

சொல்லிவிட்டேன். என்னைப் போல ஒரு தாய்மாமன் இந்த மாவட்டத்திலேயே இருக்க மாட்டான்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஸ்ரீவத்சனின் அறைக்குள் போய் நின்று இப்படிச் சொன்னேன்: "ஐயா, தகப்பன் இல்லாத பெண். என் மருமகளுக்காக எந்தப் பழியையும் சுமக்க இந்தத் தோள் தயார். நானே மாற்றியதாக எழுதிக்கொள்ளுங்கள். என்ன தண்டனையானாலும் கொடுங்கள், என் தலை குனியாது." சொல்லும்போது குவோ பெரியவர் குரல் தானாக வந்துவிட்டது. அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்ரீவத்சன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "சார், உங்க பாசம் புரியுது. இப்படி ஒரு மாமா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். ஆனா அவங்க தப்புக்கு நீங்க பலியாக வேண்டாம்," என்றார். டீ வரவழைத்தார். வேலைக்குச் சேரும்போது, நான்தான் ஷாமிலிக்கே தமிழ் சொல்லிக் கொடுத்தேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்; அதையும் ஞாபகப்படுத்திச் சிரித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் வதனி கேட்டாள், சொன்னீர்களா என்று. சொன்னேன் என்றேன். நம்பினாரா என்றாள். நான் சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினேன். முடிக்கும்வரை கேட்டாள்.

"அவர் நம்பாத மாதிரியே சொல்லியிருக்கீங்க மாமா," என்றாள்.

அவளுக்கு மேடைப் பேச்சின் நுணுக்கம் தெரியாது.

ஜூன் 25, ஞாயிறு

வதனி மீதி எபிசோடுகளின் குறிப்புகளை ஒரு கவரில் போட்டு ஒட்டினாள். நாளைக்கு அந்தப் புது ரைட்டரிடம் கொடுக்க. எந்தெந்த உறவை எப்படி மாற்றியிருக்கிறாள், யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாள் முழுக்க எழுதியிருந்தாள். அவர் தப்பு பண்ணிவிடக் கூடாது என்று புஷ்பாவிடம் சொன்னாள். ஜவுளிக்கடை மேனேஜருக்கும் போன் பண்ணினாள். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

சாம்பாரில் உப்பு இல்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

புஷ்பா என் தட்டை எடுக்கும்போது, "அண்ணா, நீ நேத்து போய்ப் பேசினியாமே. என் பொண்ணுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா," என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வதனி கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

மத்தியானம் இந்த நோட்டைத் திறந்து ஆரம்பத்திலிருந்து படித்தேன். ஸ்டுடியோ எழுந்து நின்றதாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். ஸ்டுடியோவில் அன்று சேவியர் மட்டும்தான் இருந்தான். அவனும் உட்கார்ந்துதான் இருந்தான்.

ஜூன் 26, திங்கள்

8ஆம் தேதிப் பக்கத்தில் இப்போது பசைத் தடம் மட்டும் இருக்கிறது. தாளை உரிக்கும்போது ஓரம் கொஞ்சம் கிழிந்தது. வெந்நீர் ஆவி காட்டி உரித்திருக்கலாம், ஆனால் மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

வதனியும் நானும் ஒரே ஆட்டோவில் போனோம். அவள் மடியில் அந்தக் கவர். என் சட்டைப் பையில் தாள். வழி முழுக்க அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சொல்லிக்கொண்டே இருந்திருப்பேன், அங்கே போய்ச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஸ்ரீவத்சன் முன்னால் தாளை வைத்தேன். அவர் எடுத்துப் படித்தார். சிவப்பு மையில் அடித்த "அத்தான்", மேலே "அண்ணா", மகனுக்கு மேலே மகள். கீழே என் பட்டம், பெயர், தேதி.

"இது உங்க கையெழுத்தா சார்?"

"ஆமா."

"ரைட்டர் மேடம் போன் பண்ணாங்களா?"

"இல்ல. நான் பொய் சொன்னேன். ஊதுவத்தி சீனும் நானா சேர்த்தது."

இன்னும் பேசுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவர் தாளைக் கீழே வைத்தார். சனிக்கிழமை என் தோளில் வைத்த கையை இப்போது மேஜைமேல் வைத்திருந்தார். பிறகு தன்னை மன்னிக்கும்படி வதனியிடம் கேட்டுக்கொண்டார். கவரை அவள் பக்கமே தள்ளினார். என் பக்கம் திரும்பி, பதினெட்டு எபிசோடில் குரல் இருப்பதால் பெரியவரை மாற்ற முடியாது, மீதியை நானே பேசலாம், ஆனால் டைட்டிலில் பெயர் வராது என்றார். தலையாட்டினேன். ஷாமிலியை நாளைக்கு விமான நிலையத்திலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பாவிடம் நானே சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

ஜூன் 28, புதன்

ஷாமிலி இரண்டு நாளாக உட்கார்ந்து நாற்பத்து மூன்று இடத்தையும், மீதி இரண்டு எபிசோடையும் முடித்துவிட்டாள். "வெய் அத்தான், கொஞ்சம் நில்லுங்க." அவள் குரல் திரையில் சூயினின் வாய்க்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வதனி அன்றைக்கே வாயசைவைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள்.

மத்தியானம் என் முறை. பத்தொன்பதையும் இருபதையும் நேற்றே பேசிவிட்டேன். நான் மகள் என்று சொன்ன இடங்களை மகன் ஆக்கினேன். கடைசியாக ஐந்தாவது எபிசோடு, ஊதுவத்தி. வதனி கண்ணாடிக்கு அந்தப் பக்கம். தாளில் அவள் ஆரம்பத்தில் எழுதியது அப்படியே இருந்தது: "ஒரு இருமல். இரண்டு பெருமூச்சு. வசனம் கிடையாது."

முதல் டேக்கில் தொண்டை செருமிவிட்டேன். இரண்டாவதில் இருமல் முந்திவிட்டது. மூன்றாவதில் குவோ பெரியவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். புகை மேலே போகிறது. அவர் அசையவில்லை. பத்து வினாடியில் என் வாய் திறந்தது, மூடிக்கொண்டேன். இருபதில் இருமினேன். அந்த ஆள் ஏன் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் நின்றார் என்று முதல் தடவையாக யோசித்தேன். முன்னோருக்கு மட்டுமா, செத்துப்போன பிள்ளைக்கும் அல்லவா ஊதுவத்தி ஏற்றியிருக்கிறார். பெருமூச்சு அதற்குள் தானாக வந்தது. இன்னொன்றும் வந்தது.

"ஓகே மாமா," என்றது ஹெட்போனில் வதனி குரல்.

ஜூன் 30, வெள்ளி

வெளியாகிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்தோம். நாராயணியும் வந்திருந்தாள். டைட்டிலில் "தமிழ் வசனம்: மதிவதனி" என்று வந்ததும் புஷ்பா எழுந்து போய்த் திரையைத் தொட்டாள். உங்கள் பெயர் எங்கே என்று நாராயணி கேட்டாள். போடவில்லை என்றேன். ஏன் என்றாள். நான் பண்ணின தப்பு என்றேன். முழுக் கதையும் வரும் என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் டம்ளரைக் கழுவப் போனேன்.

ஐந்தாவது எபிசோடில் குவோ பெரியவர் ஊதுவத்தி ஏற்றினார்.

"இந்த இடத்துலதானே அண்ணா நீ என்னமோ பெருசா பேசினேன்னு சொன்னே?" என்றாள் புஷ்பா.

"இல்ல," என்றேன். "அவர் சும்மாத்தான் நிக்கிறாரு."

வதனி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். மூச்சு கேட்டது.